கணவர் கணக்கு, மனைவி கணக்கு, ஜாயின்ட் அக்கவுன்ட்: யாருக்கு என்ன உரிமை?

2013 நவம்பர். பெங்களூருவில் பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண், தன் ஏடிஎம் கார்டைக் கணவரிடம் கொடுத்து, பின் நம்பரையும் சொல்லி, 25,000 ரூபாய் எடுத்து வரச் சொன்னார். கணவர் போனார். மெஷினில் இருந்து சீட்டு வந்தது, பணம் வரவில்லை. ஆனால் கணக்கில் 25,000 கழிந்துவிட்டது.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அதன் பிறகு நடந்ததுதான் பலருக்குத் தெரியாது. வங்கி பணத்தைத் திருப்பித் தர மறுத்தது. தம்பதி சிசிடிவி காட்சியை வாங்கிக் காட்டினார்கள். கணவர் மெஷின் முன் நிற்பதும், பணம் வராததும் அதில் பதிவாகியிருந்தது. அதைப் பார்த்த வங்கி கேட்டது வேறு கேள்வி: கார்டுக்குச் சொந்தக்காரர் இந்தக் காட்சியில் எங்கே? வழக்கு நுகர்வோர் மன்றத்துக்குப் போய், 2018-ல் அந்தப் பெண்ணுக்கு எதிராக முடிந்தது. பின் நம்பரைக் கணவரிடம் சொன்னதே விதிமீறல், நேரில் வர முடியாவிட்டால் தன் பெயருக்கே செக் எழுதியோ அதிகாரக் கடிதம் கொடுத்தோ கணவரை அனுப்பியிருக்க வேண்டும் என்றது மன்றம்.

“புருஷன்கிட்ட கார்டு குடுக்கறது ஒரு குத்தமா?” என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். பாதி வீடுகளில் கார்டு ஒருவருடையது, பின் நம்பர் இருவருக்கும் தெரியும், ஓடிபி வந்தால் யார் கையில் போன் இருக்கிறதோ அவர் படித்துச் சொல்வார். குடும்பம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் வங்கிக்குக் கல்யாணம் தெரியாது. அதற்குத் தெரிந்தது கையெழுத்தும், கணக்கு தொடங்கும் படிவத்தில் போட்ட ஒரு டிக்கும் மட்டுமே. வீட்டில் இருக்கும் நம்பிக்கைக்கும் வங்கியில் இருக்கும் அனுமதிக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளி, எல்லாம் நன்றாகப் போகும்வரை கண்ணில் படாது. ஒருவர் ஐசியூவில் படுக்கும்போதும், இறக்கும்போதும், இருவரும் பிரியும்போதும்தான் தெரியவரும்.

தனிக் கணக்கு என்றால் தனிதான்

கணவர் பெயரில் மட்டும் இருக்கும் கணக்கில் மனைவிக்கு எந்த இயக்க உரிமையும் இல்லை. மனைவி கணக்கில் கணவருக்கும் அப்படியே. பேலன்ஸ் எவ்வளவு என்று கேட்கக்கூட உரிமை இல்லை. கல்யாணச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்ட்டரில் நின்றாலும், ஊழியர் ஸ்டேட்மென்ட் கொடுக்கக் கூடாது. வாடிக்கையாளரின் விவரங்களை ரகசியமாகக் காக்க வேண்டும் என்பது பொதுத்துறை வங்கிகளுக்குச் சட்டத்திலேயே எழுதப்பட்ட கடமை. தனியார் வங்கிகளுக்கும் அந்தக் கடமை உண்டு.

சம்பளக் கணக்குக்கும் இதே நிலைதான். இந்தியாவில் கல்யாணம் ஆனதாலேயே இருவர் சொத்தும் பொதுவாகிவிடுவதில்லை. விதிவிலக்கு கோவா. போர்த்துகீசியர் காலச் சிவில் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் அங்கே தம்பதியின் சொத்து பொதுச் சொத்து. மற்ற இடங்களில் யார் சம்பாதித்தாரோ, யார் பெயரில் இருக்கிறதோ, அவருடையது.

மனைவிக்குப் பிறந்த வீட்டில் இருந்து வந்த பணமும் நகையும் இதில் தனி வகை. அது ஸ்ரீதனம், முழுக்க அவருடையது. கேரளத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் திரும்பவும் உறுதியாகச் சொன்னது. கஷ்ட காலத்தில் கணவர் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். 89 சவரன் நகையை இழந்த அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் தரச் சொல்லி உத்தரவும் ஆனது. “பத்திரமா இருக்கட்டும்” என்று மாமியாரிடமோ கணவரின் லாக்கரிலோ கொடுத்து வைப்பதால் உரிமை மாறிவிடாது. நிரூபிப்பதுதான் கஷ்டமாகும்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய், பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்கே போகிறது. அந்தக் கணக்கின் கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது என்பது அரசாணையால் தீரும் விஷயம் இல்லை.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளை வளர்த்து, கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க வழி செய்யும் மனைவியின் உழைப்புக்குக் கணக்கு எங்கே? 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவரின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் இல்லத்தரசியான மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது. மனைவியின் வீட்டு வேலை இல்லாமல் அந்தச் சம்பாத்தியமே சாத்தியம் இல்லை என்பதுதான் வாதத்தின் சாரம். பெரிய தீர்ப்புதான். ஆனால் அது வழக்கு போட்டு, வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கும் உரிமை. நாளைக் காலை வங்கிக்குப் போய்க் காட்டினால், கணவரின் சேமிப்புக் கணக்கில் இருந்து பத்து ரூபாய்கூட வராது.

உச்ச நீதிமன்றத்துக்கும் இது தெரிந்திருக்கிறது. 2024 ஜூலையில் ஜீவனாம்சம் பற்றிய ஒரு தீர்ப்பில் நீதிபதி பி.வி.நாகரத்னா, இல்லத்தரசிகளின் நிலையை இந்திய ஆண்கள் உணர வேண்டும், ஜாயின்ட் அக்கவுன்ட் வைத்தோ ஏடிஎம் வசதி கொடுத்தோ அவர்களுக்குப் பணம் கைக்கு எட்டும்படி செய்ய வேண்டும் என்று எழுதினார். பெங்களூரு வழக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். தன் கார்டையும் பின் நம்பரையும் கொடுப்பது இதற்கு வழி இல்லை. மனைவி பெயரிலேயே தனிக் கார்டு வர வேண்டும்.

அந்த ஒரு டிக்

ஜாயின்ட் அக்கவுன்ட் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பவர்கள்தான் அதிகம். உண்மையில் அதில் பல வகை. கணக்கு தொடங்கும் படிவத்தில் ‘இயக்கும் முறை’ என்று ஒரு வரி இருக்கும். வங்கி ஊழியரே பெரும்பாலும் டிக் போட்டு, “இங்க சைன் பண்ணுங்க சார், இங்க மேடம்” என்று விரலைக் காட்டிவிடுவார். பின்னாளில் எல்லாம் அந்த வரியைப் பொறுத்துத்தான்.

அதிகம் பேர் வைத்திருப்பது ‘எய்தர் ஆர் சர்வைவர்’. இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாக இயக்கலாம், ஒருவர் இறந்தால் மற்றவர் தொடரலாம். செக், கார்டு, யுபிஐ எல்லாம் இருவருக்கும் தனித்தனியே கிடைக்கும். வசதியானது, அதே அளவுக்கு ஆபத்தும் உண்டு. ஒருவரே மொத்தத்தையும் வழித்து எடுத்தாலும் வங்கி தடுக்காது, தடுக்கவும் முடியாது. ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்றால் முதல் பெயருக்குரியவர் உயிரோடு இருக்கும்வரை அவர் மட்டுமே இயக்கலாம். இரண்டாவது பெயர் பாஸ்புக்கில் இருக்கும், கையில் அதிகாரம் இருக்காது. “என் பேரும் இருக்கே” என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்த மனைவி, அவசரத்துக்குப் பணம் எடுக்கப் போகும்போதுதான் இது தெரியவரும். ‘ஜாயின்ட்லி’ என்றால் ஒவ்வொரு தடவையும் இருவர் கையெழுத்தும் வேண்டும். பாதுகாப்பு அதிகம், ஆனால் யுபிஐ மாதிரி போனில் ஒருவர் அழுத்திப் பணம் அனுப்பும் வசதிகள் இதற்குப் பொதுவாகக் கிடைக்காது.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு தனிக் கவனம். என்ஆர்இ கணக்கில் ஊரில் இருக்கும் மனைவியைச் சேர்க்கலாம். ஆனால் ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ முறையில் மட்டும். கணவர் உயிரோடு இருக்கும்வரை மனைவி அதை இயக்க வேண்டுமென்றால், தனியாகப் பவர் எழுதிக் கொடுத்து வங்கியில் பதிந்திருக்க வேண்டும்.

எஃப்டியில் இன்னொரு பொறி இருக்கிறது. ‘எய்தர் ஆர் சர்வைவர்’ எஃப்டி முதிர்ந்தால் ஒருவர் கையெழுத்தே போதும். முதிர்வுக்கு முன்னால் உடைக்க வேண்டுமென்றால் இருவர் கையெழுத்தும் கேட்கலாம். அதிலும் ஒருவர் இறந்துவிட்டால்? உயிரோடு இருக்கும் மற்றவர் தனியாக உடைக்கலாம் என்று முன்கூட்டியே இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருந்தால் சிக்கல் இல்லை. இல்லையென்றால் இறந்தவரின் வாரிசுகள் சம்மதம் கேட்டு அலைய நேரும். இது ரிசர்வ் வங்கி வெளிப்படையாகவே அனுமதித்த ஏற்பாடு. எழுதிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். எத்தனை கிளைகளில் இதை எடுத்துச் சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

எடுக்கலாம், ஆனால் யாருடைய பணம்?

எடுக்கும் உரிமையும் சொந்தமாகும் உரிமையும் ஒன்று இல்லை. இந்த வித்தியாசம் நம் ஊர்ச் சட்டத்தில் கிட்டத்தட்ட நூறு வருடப் பழையது. 1928-ல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு இந்தியாவில் இருந்து ஒரு வழக்கு போனது. கணவர் தன் பணத்தைத் தன் பெயரிலும் மனைவி பெயரிலும் சேர்த்து, ‘இருவரில் ஒருவருக்கு அல்லது உயிரோடு இருப்பவருக்கு’ என்று டெபாசிட் செய்திருந்தார். அவர் இறந்ததும் பணம் மனைவிக்குத்தான் என்று ஆகிவிடுமா? இல்லை என்றது தீர்ப்பு. இங்கிலாந்தில் கணவர் மனைவி பெயரில் பணம் போட்டால் அதை அன்பளிப்பாக எடுத்துக்கொள்வார்கள், இந்தியாவில் அப்படி ஊகிக்க முடியாது, அன்பளிப்புதான் என்று காட்டத் தனி ஆதாரம் வேண்டும் என்பது காரணம்.

ஆக, ஜாயின்ட் அக்கவுன்ட்டில் பெயரைச் சேர்ப்பது வங்கியைப் பொறுத்தவரை ‘இவரிடம் கொடுக்கலாம்’ என்ற அனுமதி. குடும்பத்துக்குள் சண்டை வந்தால், யார் எவ்வளவு போட்டார்கள் என்ற கேள்விதான் முன்னால் வரும். இருவர் சம்பளமும் ஒரே கணக்கில் விழுந்து, அதிலிருந்தே வாடகை, இஎம்ஐ, பள்ளிக் கட்டணம் எல்லாம் போகும் வீட்டில் பத்து வருடம் கழித்து இதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

வரித்துறைக்கு வேறு கணக்கு. வரி பாக்கிக்காக ஜாயின்ட் அக்கவுன்ட்டில் கை வைத்தால், வேறுவிதமாக நிரூபிக்கும்வரை இருவர் பங்கும் சமம் என்றே எடுத்துக்கொள்ளும். கணவர் மனைவிக்குப் பணம் பரிசாகக் கொடுத்தால் வரி இல்லை. அந்தப் பணத்தை மனைவி எஃப்டி போட்டு வரும் வட்டி மட்டும் கணவரின் வருமானத்தில்தான் சேரும். செக் விஷயத்தில் ஒரு ஆறுதல்: ஜாயின்ட் அக்கவுன்ட்டில் இருந்து ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்ட செக் திரும்பினால், கையெழுத்துப் போடாத மற்றவர் மீது வழக்கு போட முடியாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஐசியூ வாசலில்

நாமினி போட்டிருக்கிறோம், கவலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். நாமினிக்கு வேலை வருவது கணக்குக்காரர் இறந்த பிறகுதான். அவர் உயிரோடு, ஆனால் நினைவில்லாமல் இருந்தால் நாமினிக்கு ஒரு அதிகாரமும் இல்லை.

திருச்சியில் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு 38 வயது, விபத்தில் தலையில் அடி, நினைவு திரும்பவில்லை. சம்பளக் கணக்கில் நாலு லட்சம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நாளைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். மனைவிதான் நாமினி. கிளை மேலாளர் நல்ல மனிதர், வருத்தப்படுகிறார், ஆனால் கொடுக்க வழியில்லை. உடம்பு முடியாதவர் கையெழுத்துப் போட முடியாவிட்டால் கைநாட்டோ கால்நாட்டோ வைத்து, வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன்னால் பணம் எடுக்க விதி உண்டு. அதற்கும் கணக்குக்காரருக்கு நினைவு இருக்க வேண்டும், யார் பணத்தை வாங்கிக்கொள்வது என்று அவர் காட்ட வேண்டும். முன்பே பவர் எழுதிக் கொடுத்திருந்தால்? எழுதிக் கொடுத்தவருக்குச் சுயநினைவு போனால் சாதாரணப் பவரும் சட்டப்படி செல்லாமல் போகும். ஆக, அந்த இரவில் மனைவி செய்யப்போவது ஒன்றுதான்: கணவரின் போனை எடுத்து, தெரிந்த பின் நம்பரை அழுத்துவது. அவரைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் அது விதிப்படி அனுமதி இல்லாத செயல்.

2024-ல் இப்படி ஒரு குடும்பம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கணவர் கோமாவில். சிகிச்சைக்கும் குடும்பச் செலவுக்கும் அவர் பெயரில் உள்ள சொத்தைக் கையாள மனைவி அனுமதி கேட்டார். இப்படிக் கோமாவில் இருப்பவருக்குப் பாதுகாவலரை நியமிக்க நம் சட்டங்களில் நேரான வழி எதுவும் இல்லை. தனி நீதிபதி, சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிட்டார். மேல்முறையீட்டில் இரண்டு நீதிபதிகள் அமர்வு மனைவியையே பாதுகாவலராக நியமித்து, சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அனுமதித்தது. கூடவே, 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் டெபாசிட் செய்து, வட்டியை மனைவி எடுத்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்தது. கோமாவில் இருப்பவரைப் பார்த்துக்கொள்வது சாதாரண வேலை இல்லை, அதற்குப் பணம் வேண்டும், அந்தப் பெண்ணை இன்னொரு நீதிமன்றத்துக்கு அலையவிடுவது சரியில்லை என்று நீதிபதிகள் நினைத்தார்கள்.

நல்ல முடிவு. ஆனால் சொந்தக் கணவருக்கு வைத்தியம் பார்க்க, ஒரு பெண் உயர் நீதிமன்றத்தில் இரண்டு படி ஏற வேண்டியிருந்தது. மற்ற குடும்பங்களுக்கு அதற்கு நேரமும் வக்கீல் கட்டணமும் இருக்குமா? நினைவிழந்தவரின் கணக்கில் இருந்து ஆஸ்பத்திரி பில்லுக்கு மட்டும் நேரடியாகப் பணம் போக, மருத்துவச் சான்றும் கணவன் அல்லது மனைவியின் விண்ணப்பமும் போதும் என்று ஒரு எளிய விதி வந்தால் என்ன குறைந்துவிடும்? பணம் ஆஸ்பத்திரிக்கு நேரே போகும்போது மோசடிக்கும் இடம் குறைவு. நாடாளுமன்றமும் ரிசர்வ் வங்கியும் இறந்தவர் கணக்குக்காக எடுத்துக்கொண்ட அக்கறையில் பாதியாவது, உயிரோடு இருப்பவருக்கும் கிடைக்க வேண்டும்.

அதுவரை வழி ஒன்றே. வீட்டுச் செலவுக்கு இரண்டு மூன்று மாதம் தாங்கும் தொகையாவது ‘எய்தர் ஆர் சர்வைவர்’ கணக்கில் இருக்க வேண்டும். அதைவிடச் சின்ன ஏற்பாடும் உண்டு. 2024-ல் வந்த யுபிஐ சர்க்கிள் வசதியில், ஒருவர் தன் கணக்கில் இருந்து பணம் செலுத்த வீட்டில் இன்னொருவருக்கு அனுமதி கொடுக்கலாம். ஒரு தடவைக்கு 5,000, மாதம் 15,000 வரை அவர் தன் போனில் இருந்தே செலுத்தலாம், பின் நம்பரைச் சொல்ல வேண்டியதில்லை. கடை, மருந்து, ஆட்டோவுக்கு இது போதும். ஐசியூ பில்லுக்குப் போதாது.

இறந்த பிறகு: நாமினியும் வாரிசும்

ஒருவர் இறந்த அடுத்த நாளே அவர் கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுப்பது பல வீடுகளில் சகஜம். தனிக் கணக்கென்றால் அது தவறு. மற்ற வாரிசுகள் கேள்வி கேட்டால் எடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். முறைப்படி போனால் இப்போது முன்னைவிடச் சுலபம். நாமினி இருந்தாலோ ஜாயின்ட் கணக்கில் ‘சர்வைவர்’ விதி இருந்தாலோ, வாரிசுச் சான்றிதழ் கேட்டு இழுத்தடிக்கக் கூடாது. இறப்புச் சான்றிதழ், அடையாள ஆவணம், விண்ணப்பம் போதும். ஆவணங்கள் எல்லாம் கைக்கு வந்த 15 நாளில் முடிக்க வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் வட்டியோடு ஈடு தர வேண்டும் என்று 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

ஆனால் நாமினி பணத்தை வாங்குகிறவர், சொந்தக்காரர் இல்லை. 2010-ல் உச்ச நீதிமன்றம் இதை வங்கிக் கணக்குக்கே சொல்லிவிட்டது. உயில் இல்லாமல் ஒரு இந்து ஆண் இறந்தால், அவர் பணத்துக்கு மனைவி, மகன்கள், மகள்கள், அம்மா எல்லோரும் சம பங்குக்காரர்கள். ஆம், அம்மாவும். மாமியாருக்கு இதில் பங்கு உண்டு என்பது பல மருமகள்களுக்கு வங்கியில் இருந்து திரும்பிய பிறகுதான் தெரிகிறது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லையென்றால் நாலில் ஒன்று.

பெண் இறந்தால் நிலைமை இன்னும் விசித்திரம். அதற்கு ஒரு வழக்கு போதும். 1955-ல் கல்யாணம் ஆன ஒரு பெண். மூன்று மாதத்தில் கணவர் இறந்துவிட்டார். புகுந்த வீட்டார் உடனே அவரை விரட்டிவிட்டார்கள். பிறந்த வீடு அவரைச் சேர்த்துக்கொண்டது, படிக்க வைத்தது. வேலைக்குப் போனார், தனியாகவே வாழ்ந்தார், 1996-ல் இறந்தார். வங்கிக் கணக்குகளில் பணம், பிஎஃப் தொகை எல்லாம் இருந்தது. உயில் இல்லை. அம்மா கேட்டார். நாற்பது வருடத்துக்கு முன்னால் இறந்த கணவரின் சகோதரி மகன்களும் கேட்டார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம் பணத்தைக் கணவர் வழி உறவினர்களுக்கே கொடுத்தது.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாத பெண்ணின் சொந்தச் சம்பாத்தியம் முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்கு. அதற்குப் பிறகுதான் பெற்ற தாய் தகப்பனுக்கு. பெற்றோரிடம் இருந்து வாரிசாக வந்த சொத்து மட்டுமே, பிள்ளைகள் இல்லாதபோது, தகப்பன் வழிக்குத் திரும்பும். இது அநியாயம் என்று அந்தப் பெண்ணின் தரப்பு வாதிட்டது. அனுதாபத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது, சட்டம் இப்படித்தான் இருக்கிறது என்றது நீதிமன்றம். சட்டத்தை மாற்றும் வேலை நாடாளுமன்றத்துடையது. பெண்கள் மாதச் சம்பளம் வாங்காத காலத்தில், 1956-ல் எழுதிய வரிசை அது. இன்று அம்மா அப்பாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் மகள்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களின் சேமிப்புக்கும் இதே வரிசைதான் பொருந்தும்.

உயில் எழுதினால் இந்த வரிசை எதுவும் குறுக்கே வராது. வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, அந்தச் சாட்சிகளும் கையெழுத்திட்டால் போதும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை. முஸ்லிம்களுக்கு மட்டும் உயிலில் எழுதக்கூடிய பங்குக்கு வரம்பு உண்டு.

சண்டை வந்தால்

பிரிவு நெருங்கும்போது ஜாயின்ட் கணக்கில் முதலில் ஓடிப்போய் எடுப்பவருக்கே பணம் என்றாகிவிடுகிறது. அதைத் தடுக்க ஒரு கடிதம் போதும். ‘எங்களுக்குள் தகராறு, இனி ஒருவர் கையெழுத்தில் பணம் கொடுக்க வேண்டாம்’ என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், வங்கிகள் பொதுவாகத் தனியாக இயக்குவதை நிறுத்தி, இருவரும் சேர்ந்து சொல்லும்வரையோ நீதிமன்ற உத்தரவு வரும்வரையோ காத்திருக்கும். மெயிலில் அனுப்பி, கிளையிலும் நேரில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்வது நல்லது. இதில் ஒரு விலையும் உண்டு: வீட்டு வாடகைக்கும் அதே கணக்குதான் என்றால் அதுவும் நிற்கும்.

மனைவிக்குச் சட்டத்தில் இன்னும் வலுவான கருவி இருக்கிறது. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடிப்பதை மட்டும் வன்முறையாகப் பார்க்கவில்லை. வீட்டுச் செலவுக்குப் பணம் கொடுக்காமல் இருப்பது, ஸ்ரீதனத்தைப் பிடித்து வைப்பது, சேர்ந்து வைத்திருந்த சொத்தை விற்றுவிடுவது எல்லாம் பொருளாதார வன்முறை. ஜாயின்ட் கணக்கை மட்டும் இல்லை, கணவர் பெயரில் தனியாக இருக்கும் கணக்கையும் லாக்கரையும்கூட இயக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் தடை போடலாம். ஜீவனாம்ச வழக்கு என்றால், 2020-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி, இரு தரப்பும் தங்கள் வருமானம், வங்கிக் கணக்கு, டெபாசிட், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வங்கி சொல்லாத பேலன்ஸை நீதிமன்றம் கேட்டால் சொல்லியே ஆக வேண்டும்.

அதை விட்டுவிட்டு, கணவரின் போனைத் திறந்து ஸ்டேட்மென்ட்டை எடுப்பதும், மனைவியின் பாஸ்வேர்டில் நுழைந்து பணத்தை மாற்றுவதும் சிக்கலில் கொண்டு விடும். நேர்மையற்ற நோக்கத்தில் இன்னொருவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை. அந்தப் பிரிவில் கணவன் மனைவிக்கு விலக்கு எதுவும் இல்லை. பாஸ்வேர்டைத் தானே சொல்லிக்கொடுத்தவருக்கும் பாதிப்பு உண்டு. வாடிக்கையாளரே பின், ஓடிபியைப் பகிர்ந்ததால் பணம் போனால், புகார் கொடுக்கும்வரை உள்ள முழு நஷ்டமும் அவருடையதே என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 விதி.

பாஸ்புக்கின் முதல் பக்கம்

இத்தனையும் நடக்கும் இடம் அந்தப் படிவமும், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஆபீஸில் ஹெச்ஆர் கொடுத்த சம்பளக் கணக்கு விண்ணப்பமும்தான். இருபத்திரண்டு வயதில் அதில் அப்பா பெயரை நாமினியாக எழுதியிருப்பார்கள். கல்யாணம் ஆனால் அது தானாக மாறாது. விவாகரத்து ஆனாலும், போட்ட முன்னாள் துணையின் பெயர் தானாகப் போகாது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நாலு நாமினி வரை போடலாம். டெபாசிட்டுக்கு ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம் என்று பிரித்தும் எழுதலாம், மனைவிக்கு 60, அம்மாவுக்கு 40 என்பதுபோல. லாக்கருக்கு மட்டும் ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசைதான்.

வங்கி ஆப்பில் பேலன்ஸ் முதல் திரையில் தெரிகிறது, கடன் விளம்பரம் அதற்கும் மேலே தெரிகிறது. இயக்கும் முறை என்ன, நாமினி யார் என்று பார்க்க நாலு மெனு உள்ளே போக வேண்டியிருக்கிறது, சிலவற்றில் அது இருப்பதே இல்லை. இந்த இரண்டு வரிகளையும் முதல் திரைக்குக் கொண்டுவர, கணக்கு தொடங்கும்போது தமிழில் எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்க, ரிசர்வ் வங்கி உத்தரவிடலாம். பழைய பாஸ்புக் இந்த விஷயத்தில் பரவாயில்லை. நாமினி பதிவாகியிருந்தால் அதன் முகப்பில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த அச்சு இல்லையென்றால் கிளையில் படிவம் கேட்கலாம். கொடுத்ததற்கு வங்கி எழுத்தில் ஒப்புகை தர வேண்டும்.